குற்றவாளிக் கூண்டுக்கு வெளியே நிற்பவள்

2012 டிசம்பரில், டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு ஒரு கவிதை எழுதினேன். தூக்குக் கயிற்றைக் கேட்டு முடியும் கவிதை. ஒரு கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டல் அடங்கவே நேரமானது. இன்று அதை என் தொகுப்புகள் எதிலும் சேர்ப்பதில்லை. அந்த மனமாற்றத்தில் ஒரு பிரெஞ்சு ஆணுக்குப் பங்குண்டு. அதே ஆணோடு எனக்குத் தீராத சண்டையும் உண்டு. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ரோபேர் பதான்தேர் 1928இல் பாரிசில், பெசராபியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். எழுத்தறியாத தன் பாட்டி இதீஸைப் பற்றித் தொண்ணூறு வயதில் ஒரு நூல் எழுதினார். அவருடைய தந்தை 1943 பிப்ரவரியில் லியோன் நகரில் நாஜிகளிடம் பிடிபட்டு, சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டார். மகன் வழக்கறிஞரானார், சட்டப் பேராசிரியரானார். அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரே ஒரு வழக்கு.

1971இல் கிளேர்வோ சிறையில் க்ளோத் புஃபே, ரொஜே போன்தாம் என்ற இரு கைதிகள் ஒரு செவிலியரையும் ஒரு காவலரையும் பிணையாகப் பிடித்தனர். பிணையாளிகள் இருவரும் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். போன்தாம் தன் கையால் கொல்லவில்லை என்பதை நடுவர் குழுவே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இருவருக்கும் மரண தண்டனை. 1972 நவம்பர் 28 விடியலில், பாரிஸ் சிறை முற்றத்தில் கில்லட்டின் விழுந்தபோது, போன்தாமின் வழக்கறிஞரான பதான்தேர் அங்கே இருந்தார். கொல்லாதவனைச் சட்டம் கொன்றதை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அதன்பின் அவர் எதிர்த்தது தண்டனை முறையையே. 1977இல் துருவா நகரில், ஏழு வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்ற பத்ரிக் ஆன்ரிக்காக வாதாடினார். ஊரே தலையைக் கேட்டது. ஆயுள் தண்டனைதான் கிடைத்தது.

1981இல் மித்தரான் அதிபரானதும் பதான்தேர் நீதித் துறை அமைச்சரானார். மக்களில் பெரும்பான்மையினர் மரண தண்டனையை விரும்பிய காலம் அது. மக்கள் கருத்துக்குக் காத்திருக்காமல் செப்டம்பரிலேயே மசோதாவைக் கொண்டுவந்தார். நாடாளுமன்றக் கீழவையில் 363 பேர் ஆதரவு, 117 பேர் எதிர்ப்பு. அக்டோபர் 9 முதல் பிரெஞ்சு அரசு கொலை செய்வதை நிறுத்தியது. 1983இல், லியோன் நகர நாஜி அதிகாரி கிளாஸ் பார்பி பொலிவியாவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டான். பதான்தேரின் தந்தை பிடிபட்ட அந்தச் சோதனை இவன் உத்தரவில் நடந்தது. தன் தந்தையைச் சாவுக்கு அனுப்பியவனுக்கு உயிர்ப் பாதுகாப்பு தந்ததும் மகன் இயற்றிய சட்டம்தான். பார்பி ஆயுள் கைதியாகவே செத்தான்.

சிலப்பதிகாரம் நடத்தும்போதெல்லாம் இவர் நினைவுக்கு வருகிறார். நம் பெருங்காப்பியத்தின் நடுவில் இருப்பதும் விசாரணையின்றி நிறைவேற்றப்பட்ட ஒரு மரண தண்டனைதானே? கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது உண்மை வெளிவந்தது. கோவலன் திரும்பி வரவில்லை. போன்தாமும் வரவில்லை. என் கவிதையில் நான் கேட்டது இந்தத் திரும்பாமையைத்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. 2013 ஜனவரியில் நீதிபதி வர்மா குழு பாலியல் வன்முறைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்க மறுத்தபோது, அதற்குப் பின்னால் பெண்கள் அமைப்புகளின் குரலும் இருந்தது. எங்கள் பெயரால் கொல்லாதீர்கள் என்று சொன்ன அந்தத் தோழிகளை அன்று நான் கோழைகள் என்றே நினைத்தேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். மரண தண்டனை ஒழிப்புப் போராட்டம் பற்றி 2000இல் அவர் வெளியிட்ட நூலை ஆங்கில வழியாகப் படித்தேன். மூடி வைத்தபோது போன்தாம் என் மனதில் இருந்தார். அந்தச் செவிலியர் இல்லை. அவரும் வேலைக்குப் போன ஒரு பெண்தான், ஒரு வீட்டின் மனுஷிதான். வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் பக்கம் நின்று எழுதுவார், அது தொழில் தர்மம். ஆனால் அந்தப் பார்வை தொழிலைத் தாண்டியும் பழக்கமாகிவிடுவதைப் பிற்பாடு பார்த்தோம். 2011இல் அவருடைய நண்பரும் சர்வதேச நாணய நிதியத்தின் தலைவருமான டொமினிக் ஸ்ட்ராஸ் கான், நியூயார்க்கில் ஓட்டல் பணிப்பெண் ஒருவர் தந்த பாலியல் வன்முறைப் புகாரில் கைதானார். விலங்கிட்ட மனிதரைக் கேமராவுக்குக் காட்டியதைப் பதான்தேர் தொலைக்காட்சியில் கொதித்துப் போய்க் கண்டித்தார். கண்டித்தது சரி. பின்னர் குற்ற வழக்கு கைவிடப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் கினி நாட்டிலிருந்து வந்து அறை துடைத்துப் பிழைத்த அந்தக் கறுப்பினப் பெண்ணுக்கு அவர் பேச்சில் ஒரு வாக்கியம்கூட ஒதுங்க இடமில்லை என்ற விமர்சனம் பிரான்சிலேயே எழுந்தது. அதோடு நானும் உடன்படுகிறேன்.

அமைச்சராக அவர் பாதிக்கப்பட்டோரை மறந்தவர் அல்ல. அவர்களுக்கான உதவியையும் இழப்பீட்டையும் பலப்படுத்தும் சட்டங்கள் 1983இலும் 1985இலும் வந்தன. இழப்பீட்டுக்கு உரியவளாக அந்தப் பெண் அவர் சட்டத்தில் இருக்கிறாள். சொல்வதற்கு ஒரு கதை உள்ளவளாக அவர் பேச்சில் வருவதில்லை. என் குறை இதுதான்.

இதற்கு மறுபக்கம் ஜிசேல் ஹலிமி. துனிசியாவில் பிறந்த வழக்கறிஞர். போன்தாம் கொல்லப்படுவதற்கு ஆறு நாள் முன்பு, 1972 நவம்பர் 22இல், போபிஞி வழக்கில் தீர்ப்பு வந்தது. வன்புணர்வால் கர்ப்பமான மகளுக்குக் கருக்கலைப்பு செய்யவைத்த ஒரு தாய்க்காக ஹலிமி வாதாடிய வழக்கு அது. 1978இல், வன்புணர்வுக்குள்ளான இரு பெல்ஜியப் பெண்களுக்காக நின்று, அது சில்லறைக் குற்றமல்ல, பெருங்குற்றங்களுக்கான நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டியது என்று நிறுவினார். சிறைகளை இன்னும் நிரப்பப் பார்க்கிறீர்களா என்று இடதுசாரித் தோழர்களிலேயே சிலர் பெண்ணியவாதிகளைக் கேட்டார்கள். 1980இல் சட்டம் மாறியது. ஹலிமி கேட்டது விசாரணையை, காது கொடுத்துக் கேட்கும் ஒரு மன்றத்தை. 1981இல் நாடாளுமன்றத்துக்கு வந்த அவர், ஒருபாலுறவினர் மீதான பாகுபாட்டுச் சட்டப் பிரிவை நீக்கப் பதான்தேரோடு சேர்ந்து உழைத்தார்.

பதான்தேர் 2024இல் மறைந்தார். 2025 அக்டோபர் 9 அன்று, சட்டம் நிறைவேறிய அதே தேதியில், பாந்தியோன் நினைவு மண்டபத்தில் அவருக்கு இடம் தரப்பட்டது. ஹலிமிக்கு அந்த நாள் வரை அங்கே இடம் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு கொடுமைச் செய்தி வரும்போதும் என் வகுப்பில் மாணவிகள், “தூக்குல போடணும் மேம்” என்கிறார்கள். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசுவதில்லை, எனக்கும் அது இருந்தது. இப்போதெல்லாம் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தூக்கில் போட்ட மறுநாள் அந்தப் பெண்ணின் புகாரை வாங்க மறுத்த காவல் நிலையம் என்ன ஆகும்? அவள் படிப்பு, வேலை, வீட்டு வாடகை? வகுப்பு அமைதியாகும். தூக்குக் கயிறு அந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது. ஓர் ஆணைக் கொன்று கணக்கை முடித்துக்கொள்ள அரசுக்கு அது வசதி.

கூண்டில் நிற்பவனும் மனிதன் என்பதைப் பதான்தேரிடம் கற்றேன். வெளியே நிற்பவளின் பேச்சை முழுவதும் கேட்காமல் நீதிமன்றம் கலையக் கூடாது என்பதை ஹலிமியிடம். முதல் பாடத்துக்காக இரண்டாவதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. அந்தப் பழைய கவிதையைத் திருத்தி எழுதவும் முயன்றேன், வரவில்லை. இந்தக் கட்டுரைதான் வந்தது.