ஓஎஸ்சிடிஇமேஜ்: பூட் ஆகும் ஐஎஸ்ஓ செய்ய ஒற்றை வரி போதும்

11ஆம் தலைமுறை இன்டெல் சில்லு வந்த பிறகு வெளியான பல லேப்டாப்களில் விண்டோஸ் 11 நிறுவப் போனால், எந்த டிரைவில் நிறுவுவது என்று கேட்கும் திரை காலியாகவே நிற்கும். எஸ்எஸ்டியில் பழுது எதுவும் இல்லை. அது விஎம்டி என்ற இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கன்ட்ரோலரின் டிரைவர் நிறுவல் கோப்புகளில் இல்லாததுதான் சிக்கல். டிரைவரைத் தனியாகப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் 'லோட் டிரைவர்' அழுத்தலாம். ஆனால் சர்வீஸ் கடை நடத்துகிறவருக்கும் கல்லூரி லேப்பைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அது கட்டுப்படியாகாது. டிரைவரை உள்ளேயே சேர்த்துச் சொந்தமாக ஓர் ஐஎஸ்ஓ செய்துவிடுவதே நல்லது. அதற்கு நான் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்டின் ஓஎஸ்சிடிஇமேஜ்.

இலவசம்தான். விண்டோஸ் ஏடிகே தொகுப்பில் வருகிறது. நிறுவும்போது 'டெப்ளாய்மென்ட் டூல்ஸ்' மட்டும் டிக் செய்தால் போதும். இவ்வளவு சின்னக் கருவிக்காக ஏடிகேவை இறக்க வேண்டியிருப்பது ஒரு குறை. மெனு, பட்டன் எதுவும் கிடையாது. கமாண்ட் பிராம்ப்டில் ஒற்றை வரியோடு வேலை முடிந்துவிடும்.

ஒரு கோப்புறையை ஐஎஸ்ஓ ஆக்க எத்தனையோ மென்பொருள்கள் இருக்கின்றன. ஆக்கியது பூட் ஆக வேண்டுமே! டிஸ்கிலிருந்து பூட் செய்வதற்கான விதிமுறையின் பெயர் எல் டொரிட்டோ. ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995இல் வகுத்தவை அந்த விதிகள். அவற்றின்படி 17ஆம் செக்டரில் ஒரு குறிப்பு இருக்கும். பூட் கேட்டலாக் எங்கே என்று அது காட்டும். கேட்டலாகில் பயாஸுக்கு ஒரு பதிவும் யுஇஎஃப்ஐக்கு ஒரு பதிவும் இருக்கும். கோப்புறையை வெறுமனே ஐஎஸ்ஓ ஆக்கினால் இந்தக் குறிப்பே உருவாகாது. எல்லாக் கோப்பும் பத்திரமாக உள்ளே இருந்தும் கணினி அந்த டிஸ்கைச் சீந்தாது.

பழைய செய்முறைகள் பலவும் பூட் கோப்புறையிலுள்ள இடிஎஃப்எஸ்பூட்.காம் கோப்பை மட்டும் சேர்க்கச் சொல்லும். வெறும் 4096 பைட் அளவுள்ள அந்தக் கோப்பு பயாஸுக்கானது. விண்டோஸ் 11 கேட்பதோ யுஇஎஃப்ஐ. அதற்கு இஎஃப்ஐ கோப்புறையைத் திறந்து, மைக்ரோசாஃப்ட், பூட் என்று இறங்கினால் கிடைக்கும் இஎஃப்ஐசிஸ்.பின் வேண்டும். ஓஎஸ்சிடிஇமேஜ் தன் 'பூட்டேட்டா' ஆப்ஷனில் இரண்டையும் ஒன்றாக வாங்கிக்கொள்கிறது. இந்த ஒன்றுக்காகவே இதை மற்றவற்றுக்கு மேலே வைப்பேன்.

யுடிஎஃப் என்ற கோப்பு முறை இன்னொரு காரணம். நிறுவ வேண்டிய விண்டோஸ் அடங்கிய இன்ஸ்டால்.விம் கோப்பு இப்போதெல்லாம் 4 ஜிபியைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. ஐஎஸ்ஓ 9660 முறையில் ஒரே துண்டாக எழுதும் கோப்பு அதற்குள் அடங்க வேண்டும். 'யு2' கொடுத்தால் யுடிஎஃப் முறையில் எழுதிவிடும். லினக்ஸ் பக்கம் எக்ஸ்ஓரிசோ அருமையான கருவி, ஆனால் யுடிஎஃப் எழுதாது.

வேலை இப்படி. மைக்ரோசாஃப்டின் ஐஎஸ்ஓவை இரட்டைக் கிளிக் செய்து, உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு கோப்புறையில் நகலெடுங்கள். கோப்புறைப் பெயர் இடைவெளி இல்லாமல் 'வின்11' என்பதுபோல இருக்கட்டும். சோர்சஸ் கோப்புறையில் பூட்.விம் இருக்கும். அதில் 'ரீட்-ஒன்லி' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், டிரைவரைச் சேர்க்க உதவும் டிஸ்ம் கருவி அனுமதி இல்லை என்று சொல்லி மவுண்ட் செய்ய மறுக்கும். பூட்.விம்முக்குள் இரண்டு இமேஜ்கள் உண்டு. நிறுவல் திரை எழுவது இரண்டாவதிலிருந்து. டிரைவரை அதில்தான் சேர்க்க வேண்டும். இன்ஸ்டால்.விம்மிலும் சேர்த்துவிடுவது என் வழக்கம்.

பிறகு அந்த ஒற்றை வரி. பூட் கோப்பைக் குறிக்கும் 'பி' எழுத்துக்கும் கோப்பின் பாதைக்கும் நடுவே இடைவெளி கூடாது. 'எம்' கொடுத்தால் அளவு வரம்பு நீங்கும். 'ஓ' கொடுத்தால் ஒரே கோப்பு பல இடங்களில் இருந்தாலும் ஒரு தடவைதான் எழுதும். அதனால் எத்தனை பைட் மிச்சம் என்று கடைசியில் கணக்கும் காட்டும். எனக்குப் பிடித்த நேர்த்தி இது.

கிடைக்கும் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் பைட்டுக்குப் பைட் எழுதினால் பூட் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பலவற்றில் அது நடக்கும். இதற்கு ரூஃபஸோ வென்டாயோ தேவை.

வெளியே கொடுக்கும் முன், விண்டோஸின் மெய்நிகர் கணினியான ஹைப்பர்-வியில் ஓட்டிப் பாருங்கள். ஜெனரேஷன் 1 பயாஸ், ஜெனரேஷன் 2 யுஇஎஃப்ஐ. இரண்டிலும் நிறுவல் திரை வர வேண்டும். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி வரும் வரியைச் சில நொடிகளில் தவறவிட்டால் ஜெனரேஷன் 2 நெட்வொர்க் பூட்டுக்குத் தாவிவிடும். ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். அந்த வரியே வராமல் செய்ய இஎஃப்ஐசிஸ்_நோபிராம்ப்ட்.பின் என்ற இன்னொரு கோப்பு அதே இடத்தில் உண்டு. சோதனைக்கு வசதிதான். ஆனால் டிஸ்க் முதலில் பூட் ஆகும்படி வைத்திருக்கும் கணினியில், பாதி நிறுவல் முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது மறுபடி முதல் திரைக்கே வந்து நிற்கும். அடுத்தவர் கையில் கொடுக்கும் ஐஎஸ்ஓவில் இஎஃப்ஐசிஸ்.பின்னே இருக்கட்டும்.