ஸிம்பனியும் தனிமையும்

மேல்நாட்டு இசையைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் தயாராக ஒரு சூத்திரம் இருக்கிறது. கிளாஸிகல் என்றால் உருவம், ரொமான்டிக் என்றால் உணர்ச்சி. நானும் வெகுநாள் இதை நம்பியிருந்தேன். ஹைடனின் 45-வது ஸிம்பனியையும் (1772) பெர்லியோஸின் 'ஸிம்பனி ஃபண்டாஸ்டிக்'கையும் (1830) ஒரே இரவில் கேட்டபோது சூத்திரம் கைகொடுக்கவில்லை. ஹைடனின் முதல் பகுதியைக் கேட்ட எவரும் அங்கே உணர்ச்சி இல்லையென்று சொல்லத் துணியமாட்டார். பெர்லியோஸிடம் உருவம் இல்லையென்பதும் சோம்பேறித்தனமான அபிப்பிராயமே. எனக்குப் பட்ட மாற்றம் வேறு. வாசிக்கிற மனிதனுக்கு இசைக்குள் என்ன இடம் என்பது அது.

ஹைடன் எஸ்டர்ஹாஸி பிரபுவிடம் சம்பளத்துக்கு இருந்தவர். சீருடை உண்டு. 1761 ஒப்பந்தப்படி அனுமதியின்றிப் பிறருக்கு இசை எழுதக்கூடாது. 1772-ல் பிரபு கோடை மாளிகையை விட்டுக் கிளம்புவதாக இல்லை. வாத்தியக்காரர்களின் மனைவி மக்களோ ஐஸன்ஸ்டாட்டில். இந்த ஸிம்பனியின் முடிவில் வேகம் சட்டென்று அறுந்து, நிதானமான ஒரு பகுதி தொடங்குகிறது. தத்தம் பாகம் முடிந்ததும் ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். கடைசியில் இரண்டு வயலின்கள். மறுநாளே ஊர் திரும்ப உத்தரவாயிற்று என்பார்கள். அதைவிட எனக்கு முக்கியம், எப்போதும் அடியில் கிடக்கும் டபிள்பாஸுக்குக்கூட, போகுமுன் தனியாகப் பேச ஹைடன் இடம் தருவது. எழுந்து போகிறவன் ஒரு ஆள் என்று அந்த இசைக்குத் தெரிந்திருக்கிறது.

அதன்பின் ஆர்கெஸ்ட்ரா பெருத்த கதை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது: பீத்தோவனின் 'ஈரோய்க்கா'வில் மூன்றாவது ஹார்ன், ஐந்தாவது ஸிம்பனியின் இறுதியில் டிராம்போன்கள், 1818-ல் காப்புரிமை பெற்ற வால்வு.

பெர்லியோஸின் மூன்றாவது பகுதிக்கு வருகிறேன். வயல்வெளி. இங்கிலீஷ் ஹார்ன் ஒரு மேய்ப்பனாக அழைக்கிறது. மேடைக்கு வெளியே தூரத்தில் ஓபோ பதில் தருகிறது. முடிவில் இங்கிலீஷ் ஹார்ன் மீண்டும் அழைக்கிறது. பதில் இல்லை. நான்கு பேர் டிம்பனிகளில் மிக மெல்ல உருட்டும் தொலைதூர இடி மட்டும். மறுபடி அழைப்பு, மறுபடி இடி. இத்தனை பேர் கூடி ஒரு வெறுமையை எழுப்புவதைக் கேட்டு நான் கலங்கிப் போனேன்.

ஆனாலும் ஒரு உறுத்தல். யாருடைய வெறுமை இது? சபையினருக்கு அச்சடித்துக் கொடுத்த கதைக் குறிப்பு சொல்லிவிடுகிறது: காதலில் வெந்த ஒரு இளம் கலைஞனுடையது. மற்ற அனைவரும் அவன் மனசின் தட்பவெப்பம். டிம்பனிக்காரர்கள் நால்வரும் சேர்ந்து ஒரு மேகம். பெர்லியோஸுக்குச் சீருடை இல்லை, எஜமானப் பிரபு இல்லை; ஆனால் அவருடைய தனிமைக்கு எந்தப் பிரபுவும் வைத்திராத கூட்டம் வேண்டியிருந்தது. பின்னால் வாத்தியங்கள் பற்றிய தம் நூலில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் கொண்ட ஆர்கெஸ்ட்ராவைக் கனவு காண்கிறார். நடத்துகிற கோலையும் தாமே எடுத்துக்கொண்டார்.

ஊழியத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாகச் சிலர் கோபிக்கலாம். இல்லை. ஹைடன் கட்டுண்டிருந்தார், பெர்லியோஸ் பெற்ற விடுதலை உண்மையானது. அது மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள்வரை வந்ததா என்பதே என் சந்தேகம். எழுந்து போக அவர்களுக்கு இங்கே ஒரு பாகமும் எழுதப்படவில்லை. வெளியிலிருந்து திரும்பி வந்த ஓபோக்காரர், வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடி ஓயக் காத்திருக்கிறார்.