சாட்சியாகக் கேட்ட மணி

போர்க்கதைகளில் சாபம் பிடித்த நகை, வழக்கமாக வைத்திருப்பவரை அழிக்கும். அசுவத்தாமனின் தலைமணி அதற்கு நேர்மாறு. உடன்பிறந்த அந்த மணி, ஆயுதமும் நோயும் பசியும் அண்டாமல் அவனைக் காத்தது. அதை இழந்த பிறகு கண்ணனின் சாபப்படி அவன் 3,000 ஆண்டுகள் சீழும் ரத்தமும் நாறத் தனியே அலைய வேண்டும். இந்தச் சாபத்தைப் பேசுகிற அளவுக்கு, மணி யார் கைக்குப் போனது என்று நாம் பேசுவதில்லை.

வியாசரின் சௌப்திக பர்வத்தில், திரௌபதியின் 5 பிள்ளைகளையும் அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறை புகுந்து கொல்கிறான். அவள் உண்ணாநோன்பில் உட்காருகிறாள். கேட்பது இரண்டு: அவன் உயிர், அவன் செத்ததற்குச் சாட்சியாக அந்த மணி. மடக்கப்பட்ட அசுவத்தாமன் மணியைக் கொடுக்கச் சம்மதிக்கிறான். ஏவிய அஸ்திரத்தையோ பாண்டவர் வீட்டுப் பெண்களின் கருப்பை மேல் திருப்புகிறான். உத்தரையின் வயிற்றுப் பிள்ளை அதற்கு இலக்காகிறது. ஆண்களின் சமரசத்துக்கு விலை கொடுத்தது பெண்ணுடல்.

பீமன் கொண்டுவந்தது மணியை மட்டும். பிராமணன், குருவின் மகன் என்பதால் உயிரோடு விட்டார்களாம். சாவுக்குச் சாட்சியாகக் கேட்ட பொருள், சாகாதவனுக்கு ஈடாக வந்து சேர்கிறது. திரௌபதி அதைத் தான் அணியவில்லை. தருமனைச் சூடச் சொல்கிறாள். தாயின் இழப்பு அரசனின் தலையில் ஆபரணமாகிறது. இதைப் பெருந்தன்மை என்று புகழ்வதற்குமுன், மறுக்கும் இடம் அவளுக்கு இருந்ததா என்று கேட்க வேண்டும்.

சீயமங்கலம், செஞ்சி, மேலச்சேரி என விரியும் இந்த வட்டாரம் திரௌபதி அம்மனின் பூமி. இங்கே பாரதக்கூத்து முடியும் படுகளத்தில் கூட்டம் காத்திருப்பது அம்மன் கூந்தல் முடிக்கும் நேரத்துக்காக. அந்தச் சபதமும் ரத்தம் கேட்பதுதான். ஆனால் அது அவளே வைத்த நிபந்தனை. அதை வேறொன்றால் ஈடுகட்ட யாராலும் முடியவில்லை.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இழப்பீடு வேண்டாம், பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றார்கள். மணியை வாங்க மறுத்த திரௌபதிகள் அவர்கள். நோன்பை முடித்துக்கொள்ளும்படி அவர்களிடம் நீட்டப்படும் ஒவ்வொரு மணியையும் நாம் இந்தக் கதையோடு வைத்துப் படிக்க வேண்டும்.