வான்சாகசம் கற்பிக்கும் தகுதி: அமெரிக்க விதிகளின் நிறையும் குறையும்

அமெரிக்காவில் வான்சாகசம் கற்பிக்கத் தனி உரிமம் கிடையாது. விமானப் பயிற்றுநர் சான்று பெற்ற எவரும், லூப் எனப்படும் செங்குத்து வட்டம் அடிக்கவும் தலைகீழாகப் பறக்கவும் மாணவருக்குக் கற்றுத்தரலாம். அந்தச் சான்றுக்கு அவர் காட்ட வேண்டிய தேர்ச்சிகளுள் வான்சாகசத்துக்கு நெருக்கமானது, ஸ்பின் எனப்படும் சுழல் வீழ்ச்சியிலிருந்து விமானத்தை மீட்கவும் அதைக் கற்பிக்கவும் தெரியும் என்று மற்றொரு பயிற்றுநர் எழுதித்தரும் ஒப்புதல் மட்டுமே.

கற்பிப்பவரைப் பற்றி அதிகம் பேசாத சட்டம், பறக்கும் சூழலில் கண்டிப்பாக இருக்கிறது. தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழும், மக்கள் நெருங்கி வாழும் பகுதிக்கு மேலும், பார்வைத் தெளிவு 3 மைலுக்குக் குறைந்தாலும் சாகசம் கூடாது. விமானத்தில் பணிக்குழு சாராதவர் இருக்கையில் 60 பாகைக்கு மேல் சாய்த்தாலோ, மூக்கை 30 பாகைக்கு மேல் ஏற்றி இறக்கினாலோ அனைவரும் பாராசூட் அணிய வேண்டும். உரிமத்துக்குத் தேவையான பயிற்சிகளுக்கு இதில் விலக்கு உண்டு.

இந்த எளிமையால் நன்மை உண்டு. போட்டிகளில் பறந்து பழுத்தவர்கள் கூடுதல் தேர்வோ கட்டணமோ இல்லாமல் சிறிய விமானத் தளங்களிலும் கற்பிக்க முடிகிறது. சிறு விமானங்களின் உயிர்ப்பலி விபத்துகளுக்குக் கட்டுப்பாட்டை இழப்பதே முதன்மைக் காரணமாக இருப்பதால், நிலைகுலைந்த விமானத்தை மீட்கப் பழக்கும் வான்சாகசப் பயிற்சி பலரைச் சென்றடைவது நல்லதே.

குறை கற்பித்தலின் நுட்பத்தில் வெளிப்படுகிறது. விமானம் தன் நீள அச்சில் சுழலும் உருளலின் நடுவே தலைகீழாக இருக்கையில் மாணவர் பதறி ஸ்டிக் எனப்படும் கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தால், மூக்கு நேரே தரையை நோக்கித் திரும்பும். உயரம் வேகமாகக் கரைய, வேகம் விமானத்தின் உச்ச வரம்பை நெருங்கும். பயிற்றுநர் முந்திக்கொண்டு கட்டுப்பாட்டை வாங்கினால் மாணவர் எதையும் கற்கமாட்டார். பிந்தினால் மீட்க இடமிருக்காது. அந்தத் தருணத்தை அறியும் திறனை ஸ்பின் ஒப்புதல் சோதிப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் செல்கிறது. அங்கே வான்சாகசத்துக்கெனத் தனித் தகுதி உண்டு. அதற்கான பாடத்தில் குறைந்தது 5 மணி நேரப் பறப்புப் பயிற்சி அடங்கும். கற்பிக்க விரும்புபவர் அத்தகுதியைப் பெற்றிருப்பதோடு, தம் கற்பிக்கும் திறனை உரிய பயிற்றுநர் முன் செய்துகாட்ட வேண்டும். செலவும் நடைமுறையும் கூடுவது இம்முறையின் சுமை.

அமெரிக்காவில் சிறந்த வான்சாகசப் பயிற்றுநர்களுக்குத் தன்னார்வத் தரச்சான்று உண்டு. ஆனால் விரும்பியவர் மட்டுமே பெறும் சான்று, தகுதி குறைந்தவரைத் தடுக்காது. ஐரோப்பிய முறையை முழுதாக ஏற்காவிட்டாலும், அனுபவமுள்ள வான்சாகசப் பயிற்றுநர் ஒருவர் முன் கற்பித்துக் காட்டுவதையாவது கட்டாயமாக்கலாம். ஸ்பின்னுக்கு ஏற்கெனவே உள்ள எழுத்து ஒப்புதல் முறையே இதற்கும் போதும். புதிய உரிமம் தேவையில்லை.