எடுத்த ஊரிலேயே திரை கட்டுவது: கொங்கு நாட்டில் மக்கள் வீடியோ முயற்சிகள்

கோவையின் சினிமா வரலாறு படம் காட்டிய ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. படம் எடுத்தவர்கள் பிறகுதான் வந்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் திருச்சிக்கு வந்திருந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் அவற்றில் இருந்தது. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவில் நிலையாக எழுந்த முதல் திரையரங்குகளில் அதுவும் ஒன்று. அந்தச் சாலைக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

படம் எடுக்கும் ஸ்டுடியோ கோவைக்கு வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1930களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் எழுந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். பிறகு கோவையில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) சென்ட்ரலில் உருவானது. ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் பெற்ற ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜாவின் படம். அதன் இந்தி வடிவமான ‘ஆசாத்’துக்காகத் திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்து நடித்தார்கள். அதன்பின் தொழில் மொத்தமாகச் சென்னைக்கு நகர்ந்தது. கொங்கு நாட்டுக்கு மிஞ்சியது படப்பிடிப்புத் தளம் என்ற வேடம் மட்டுமே. பொள்ளாச்சித் தோப்பும் கோபிச்செட்டிபாளையத்து வாய்க்கால் கரையும் நூற்றுக்கணக்கான படங்களில் பின்னணியாக நின்றன. அந்தத் தோப்பில் தேங்காய் உரிப்பவரும் அந்த வாய்க்காலில் நாற்று நடுபவரும் கேமராவுக்குப் பின்னால் நின்றதில்லை.

இந்த வரிசையை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மக்களே படம் எடுக்க உதவும் ஊடக மையங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கேமரா, பயிற்சி, எடிட்டிங் கணினி என்று கருவிகளின் பட்டியலில்தான் போய் நிற்கிறோம். உலகில் நிலைத்து நின்ற மையங்களின் கதை வேறு ஒன்றைச் சொல்கிறது. எடுத்த படத்தை எடுத்த ஊரிலேயே போட்டுக் காட்டிய இடங்கள்தான் நிலைத்தன.

1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் ஃபோகோ தீவு மீனவர்களிடம் கேமராவைக் கொண்டுபோனது. தீவைக் காலிசெய்துவிட்டு வேறிடம் போகச் சொல்லி அரசின் நெருக்கடி இருந்த காலம். இயக்குநர் காலின் லோ அங்கே சின்னச் சின்னப் படங்களை எடுத்து, ஒரு கிராமத்தார் சொன்னதை அடுத்த கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார். ஒருவரோடொருவர் அதிகம் பேசிப் பழகாத ஊர்கள் திரையில் ஒன்றின் கஷ்டத்தை இன்னொன்று பார்த்தன. மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள், தீவிலேயே இருந்துவிட்டார்கள். அகமதாபாத்தில் சேவா அமைப்பு 1984இல் இருபது பெண்களுக்கு வீடியோப் பயிற்சி தந்தது. அவர்களில் காய்கறி விற்றவர்களும் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது தெலங்கானாவின் பஸ்தாபூர். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தலித் விவசாயிகள், 1990களின் கடைசியில் கேமரா பிடிக்கக் கற்றுத் தங்களுக்கென ஓர் ஊடக அறக்கட்டளையை அமைத்துக்கொண்டார்கள். வாரங்கல் பருத்தி விவசாயிகள் பி.டி. விதையால் பட்ட பாட்டைத் தொடர்ந்து படமாக்கியவர்கள் அவர்கள். கேமராக் கோணங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் பட்டேலின் கோணம். நிலக்கிழார் அவர்களைப் பார்ப்பது அப்படித்தான். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமையின் கோணம். கண்ணுக்கு நேரே வைப்பது சங்கத்தின் கோணம். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்ப்பதுபோல. அதனால் தங்கள் படங்களைக் கண்ணுக்கு நேரான கோணத்திலேயே எடுக்க விரும்பினார்கள். திரைப்படக் கல்லூரிகளில் ஒரு பருவம் முழுக்கப் படித்தாலும் இவ்வளவு தெளிவு வந்துவிடாது என்றே நினைக்கிறேன். கொங்கு நாட்டில் பண்ணையத்துக்குப் போய் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இதை விளக்கவே வேண்டியதில்லை. களத்து மேட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பண்ணாடியின் கண்ணும், எட்டத்தில் நின்றுகொண்டு பேசும் ஆளின் கண்ணும் எந்தக் கோணத்தில் சந்திக்கும் என்று அது சின்ன வயதிலேயே பார்த்திருக்கும்.

கொங்கு நாட்டில் இப்படி ஒரு மையம் ஒரே கூரையின்கீழ் இல்லை. ஆனால் அதன் உறுப்புகள் தனித்தனியாகக் கிடக்கின்றன.

முதலில் வானொலி. வானலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. நாட்டின் முதல் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி முதல் நாளில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து ஒலித்தது. இன்று நாடெங்கும் ஐநூறு நிலையங்கள் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் வானொலி நிலையங்கள் உண்டு. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியிலும் உண்டு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி கிடையாது. இருந்தும் ஒலிப்பதிவு அறை என்ற ஒன்று வளாகத்துக்குள் வந்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பெண்கள் மைக் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழகிவிட்டார்கள். வீடியோவுக்கு இது பெரிய முதலீடு. மக்கள் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் தோற்பது காட்சியில் இல்லை, ஒலியில்தான்.

அந்தச் சிக்கலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சோமனூர், பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நெசவாளர் ஒருவரைப் பேட்டி எடுக்க ஓர் இளைஞர் செல்போனோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாடா ஓடும் தறிகள் பத்து ஒரே நேரத்தில் அடிக்கின்றன. கூடத்துக்குள் வேலை செய்பவர்கள் உதட்டசைவையும் கைச்சாடையையும் வைத்தே பேசிக்கொள்வார்கள். போனின் மைக் தறிச் சத்தத்தைத்தான் பிரதானமாக எடுத்துக்கொண்டு, மனிதக் குரலை அமுக்கிவிடும். தறியை நிறுத்தச் சொல்லலாமா என்றால், ஓடும் மீட்டருக்குத்தான் கூலி; நிறுத்தினால் அவருக்கு நட்டம். அனுபவப்பட்டவர்கள் பாவு தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள், அல்லது கரண்டு போகும் வரைக்கும். சட்டைக் காலரில் சின்ன மைக்கைக் குத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குரலை எடுப்பார்கள். தறி ஓடும்போது அந்தச் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் தனியாகப் பதிவுசெய்து, எடிட்டிங்கில் குரலுக்கு அடியில் மெல்லியதாக விரிப்பார்கள். இதைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த மைக்கை இரவல் தர ஓர் அலமாரி வேண்டும். இந்த இரண்டும் இருந்துவிட்டால் அதுவே மையம். கட்டடம் அப்புறம்.

கற்றுக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ப. திருநாவுக்கரசு ஆசிரியராக இருக்கும் ‘நிழல்’ இதழும் ‘பதியம்’ அமைப்பும் சேர்ந்து தமிழ்நாட்டின் பல ஊர்களில் குறும்படப் பயிற்சிப் பட்டறைகளை நடத்தியிருக்கின்றன. கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாதவரும் சில நாள் தங்கி, திரைக்கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் ஒரு சிறு படத்தோடு வீடு திரும்பலாம். சென்னைக்குப் போகாமல் சினிமா கற்க முடியாது என்ற எண்ணத்தை இவ்வளவு எளிமையாக உடைத்த இன்னொரு முயற்சி எனக்குத் தெரியவில்லை. அரசின் திரைப்படக் கல்லூரி இன்றளவும் தரமணியில்தான் இருக்கிறது.

பட்டறைக்கு வெளியே இன்னொரு குருகுலமும் உண்டு. கல்யாண வீடியோ ஸ்டுடியோ. அவிநாசியிலோ தாராபுரத்திலோ இன்று நல்ல படத்தொகுப்பாளர் ஒருவர் இருந்தால், அவர் சீர்க் காட்சிகளையும் மொய் வரிசையையும் வெட்டி ஒட்டித்தான் கை பழகியிருப்பார். கல்லூரிகளின் விஷுவல் கம்யூனிகேஷன் துறைகளில் கருவிகள் ஏராளம். ஆனால் அவை மாணவர் அடையாள அட்டைக்கு உள்ளே பூட்டியிருக்கின்றன. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

பார்க்கும் பக்கம் வந்தால், கோவையில் கோணங்கள் திரைப்படக் கழகத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பெர்க்ஸ் பள்ளியின் சிறு அரங்கில் ஞாயிறு மாலைகளில் உலகப் படங்களைப் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை அது பல ஆண்டுகள் கட்டிக் காத்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லாமல், விளம்பரம் இல்லாமல், சந்தாவுக்கும் நட்புக்கும் நடுவே ஓடும் இப்படியொரு முயற்சி நகரத்துக்குச் செய்த நன்மையை அளக்க முடியாது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (த.மு.எ.க.ச.) திருப்பூரிலும் மற்ற ஊர்களிலும் நடத்திவரும் திரையிடல்களும் இந்த வரிசையில் வரும். கோணங்கள் போன்ற அரங்கில் மாதம் ஒரு ஞாயிறு, அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எடுத்த படங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் ஆசை. குரோசாவா பார்த்துப் பழகிய கண்கள் சூலூர்ப் பையன் ஒருவனின் பத்து நிமிடப் படத்தை அதே கவனத்தோடு பார்த்துக் கருத்துச் சொன்னால், அவன் அடுத்த படத்தை எடுக்கும் விதமே மாறிவிடும்.

வட்டாரத்தைத் தனக்குத்தானே காட்டிக்கொள்வதன் பலன் என்ன என்பதை நக்கலைட்ஸ் நிரூபித்திருக்கிறது. கோவையிலிருந்து இயங்கும் இந்த யூடியூப் குழு சமுதாய மையம் ஆகாது. ஆனால் எழுத்து, நடிப்பு, படத்தொகுப்பு என்று உள்ளூரிலேயே ஆட்களை வளர்த்தது. கொங்குப் பேச்சைக் கேலிப்பொருளாக மட்டும் வைத்திருந்த சினிமாவுக்கு நடுவே, அப்பத்தாவும் அம்மாயியும் வீட்டில் பேசுகிற பேச்சையே ‘அம்முச்சி’ போன்ற தொடர்களில் வைத்தது. அந்தக் குழுவின் பிரசன்னா பாலச்சந்திரன்தான் ‘சேத்துமான்’ (2022) படத்தில் வெள்ளையனாக நடித்தவர். பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையிலிருந்து தமிழ் இயக்கிய அந்தப் படம், கொங்கு நாட்டின் சாதியை அதன் சொந்தப் பேச்சிலேயே, வெளியாளின் வியப்பு ஏதும் இல்லாமல் காட்டியது. உள்ளூரில் வளர்ந்த ஒரு கை, பெரிய படம் ஒன்றுக்கு என்ன தர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

குறைவது ஊர்த் திரையிடல். நொய்யலில் சாயக் கழிவு, மில் விடுதிகளில் அடைபட்ட பெண்கள், இரட்டைக் குவளை என்று நம் வட்டாரத்தைப் பற்றி எடுத்த ஆவணப்படங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைச் சென்னையிலும் டெல்லியிலும் பார்த்தவர்களைவிட நொய்யல் கரையின் ஒரத்துப்பாளையத்தில் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். இதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. ஊர்ப் பொதுவில் திரை கட்ட வேண்டுமென்றால் யாருடைய தெரு, யாருடைய மண்டபம், யார் வந்து உட்காரலாம் என்ற கேள்வி எழும். சட்டமும் கூடவே நிற்கும். இணையத்தில் ஏற்றிவிட்டால் தணிக்கைச் சான்றிதழ் கேட்பாரில்லை; அதே படத்தைப் பொதுவெளியில் காட்ட 1952ஆம் ஆண்டின் சட்டத்தைக் காட்டுவார்கள். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017இல் பல ஊர்களில் திரையிட முடியாமல் தடுக்கப்பட்டது. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய படத்தை ஊர்ப் பொதுவில் காட்டுவதுதான் அதிகாரத்துக்கு ஆபத்தாகத் தெரிந்தது. ஊர்த் திரையிடலின் வலிமையை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

வழிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் ஒரு சிறார் படம் காட்டும் திட்டத்தைப் பள்ளிக்கல்வித் துறை 2022இல் கொண்டுவந்தது. புரொஜெக்டரும், படம் பார்த்துப் பேசும் வகுப்பும் பள்ளிக்கு வந்துவிட்டால், அந்தப் பள்ளியின் பிள்ளைகளே எடுத்த ஐந்து நிமிடப் படத்தை அதே திரையில், பெற்றோரையும் கூப்பிட்டுக் காட்ட எது தடை? நகராட்சிகள் கட்டியிருக்கும் அறிவுசார் மையங்கள் போட்டித் தேர்வு எழுதுவோருக்கு நன்றாகப் பயன்படுகின்றன. அவற்றில் ஓர் அறையில் எடிட்டிங் கணினி ஒன்றும் மைக் பெட்டி ஒன்றும் இருக்கட்டும். காந்திபுரத்தில் பெரியார் பெயரில் நூலகமும் அறிவியல் மையமும் அமைக்க 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் ஒரு சிறு திரையரங்கும் வட்டாரப் படங்களின் சேமிப்பகமும் சேர வேண்டும் என்று கோவை எழுத்தாளர்கள் கேட்க வேண்டும்.

சேமிப்பகம் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். தென்னிந்தியாவில் பேசாப் படங்கள் நூற்றுக்கும் மேல் எடுக்கப்பட்டன. இன்று கையில் இருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். மற்றவை தீயிலும் ஈரத்திலும் அலட்சியத்திலும் போயின. இப்போது போய்க்கொண்டிருப்பவை கேபிள் டிவிக்காரர்கள் எடுத்த தேர்த்திருவிழாக்கள், ஸ்டுடியோ அலமாரிகளில் பூஞ்சை பிடிக்கும் வி.எச்.எஸ்., மினி டி.வி. நாடாக்கள், பட்டறைகளில் பிள்ளைகள் எடுத்த முதல் படங்கள், ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்து அது பழுதானதும் மறைந்துவிடுகிற பேட்டிகள். நாடாவை ஓட்டிப் பார்க்கும் பிளேயர்களே வருடத்துக்கு வருடம் குறைகின்றன. இவற்றைக் காப்பது பெரிய வேலையும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது, பேசியவர் பொதுவில் காட்டச் சம்மதித்தாரா என்ற நான்கு விவரங்களை எழுதி, இரண்டு வேறு இடங்களில் பிரதி வைக்க வேண்டும். ஒலிப்பதிவு அறையும் சர்வரும் ஏற்கெனவே உள்ள கல்லூரி ஒன்று இதை இந்தப் பருவத்திலேயே ஆரம்பிக்கலாம். கேட்டால் நாடாக்களைக் கொண்டுவந்து கொடுக்க ஸ்டுடியோக்காரர்கள் தயாராகவே இருப்பார்கள்.