மூன்று கிலோ

குத்துச்சண்டையில் ஆகப்பெரிய சாதனை எது என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்கும் பெயர் முகம்மது அலி. 1964, 1974, 1978 என மூன்று முறை ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றியவர். 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் கையுறை மாட்டி நின்றதால் நமக்குக் கொஞ்சம் சொந்தக்காரரும் ஆகிவிட்டார். அவருக்கு மறுப்பாக, 49 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவைச் சிலர் நிறுத்துவார்கள். பட்டத்தை 25 முறை காத்த ஜோ லூயிஸைச் சொல்பவர்களும் உண்டு. மூவருமே எடைக்கு மேல்வரம்பு இல்லாத பிரிவில் ஆடியவர்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் எடையிலிருந்துதான் தொடங்குவேன். ஏனாத்தூரைச் சுற்றியுள்ள பட்டு நெசவுக்காரர்களுக்கு இது விளங்கும்: பட்டை நிறுத்துக் கொடுத்து, சேலையாகத் திரும்பும்போது மறுபடி நிறுத்து வாங்குகிற தொழில் அவர்களுடையது. குத்துச்சண்டையிலும் தராசு ஏறாமல் ரிங்கில் ஏற முடியாது.

அந்தக் கணக்கில் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குக்கு இணையாக ஆண்களில் எனக்கு யாரும் தெரியவில்லை. உலகில் எட்டே எடைப் பிரிவுகள் இருந்த காலம். 1937 அக்டோபரில் ஃபெதர்வெயிட், 1938 மே மாதம் வெல்டர்வெயிட், ஆகஸ்டில் லைட்வெயிட். மூன்று பட்டமும் ஒரே நேரத்தில் அவர் கையில். வெல்டர்வெயிட் பட்டத்துக்காக பார்னி ராஸை எதிர்த்தபோது அவரைவிட ஏறக்குறைய நாலு கிலோ குறைவு. மேனி பாக்கியாவ் எட்டுப் பிரிவுகளில் வென்றது பிரமிப்புதான். ஆனால் அதற்குள் பிரிவுகளும் பெருகிவிட்டன, பட்டம் தரும் அமைப்புகளும் பெருகிவிட்டன.

நம் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி. வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் வீரம் பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தது. 2021இல் பா. இரஞ்சித்தின் படம் வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். அங்கே பயிற்சி தந்த வாத்தியாரின் புகழை எந்தத் தராசில் ஏற்றுவது? ஏட்டில் நிற்பவர் என்றால் வி. தேவராஜன்: 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம், பிறகு அர்ஜுனா விருது. தமிழ்நாட்டிலேயே அந்தப் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பார்கள்.

இந்திய அளவில் பார்த்தால் விஜேந்தர் சிங்கின் 2008 வெண்கலம் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் நாட்டின் முதல் பதக்கம். முதல் என்பதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் என் ஓட்டு மேரி கோமுக்கு, அதுவும் அவருடைய ஆறு உலகப் பட்டங்களுக்காக அல்ல.

அந்த ஆறும் 45 முதல் 48 கிலோவுக்குள் வென்றவை. 2012 லண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது இருந்தவை மூன்றே பிரிவுகள். அவற்றில் ஆகக் குறைந்ததே 51 கிலோ. எடை குறைப்பது எல்லா வீரருக்கும் பழகிய வேதனை. மெலிந்த உடம்பில் எடை ஏற்றி, வேகத்தையும் விடாமல் வைத்திருப்பது வேறு வித்தை. முதல் சுற்றில் எதிரே நின்றவர் போலந்தின் கரோலினா மிஹால்சுக். 2008இல் சீனாவின் நிங்போவில் இருவரும் ஒரே போட்டியில் உலகப் பட்டம் வென்றவர்கள்: மேரி 46 கிலோவில், கரோலினா 54 கிலோவில். எட்டு கிலோ தள்ளி நின்றவர்கள் லண்டனில் நேருக்கு நேர் மோதினார்கள். 19–14 என்று மேரி வென்றார். அப்போது அவர் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். அரையிறுதியில் தங்கம் வாங்கப்போகும் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்றார். கையில் வந்தது வெண்கலம். ஆறு தங்கங்களுக்கு மேலே அதை வைக்க எனக்குத் தயக்கமில்லை.

2018இல் மேரி ஆறாவது பட்டம் வென்றது மறுபடி 48 கிலோவில்தான். 2023இல் டெல்லியில் நீத்து கங்காஸ் உலகப் பட்டம் வென்றதும் அதே 48 கிலோவில். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பிரிவுகள் 50 கிலோவிலிருந்துதான் தொடங்கின.