தேய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எல்லோர் கண்ணும் பித்தளைப் பக்கம் போகும். நான் மூலையில் கிடக்கும் இரும்புக் குவியல் பக்கம் குனிவேன். அரிவாள்மனைகள் அங்கேதான் இருக்கும். துரு ஏறி, பலகையில் எண்ணெய்ப் பிசுக்கோடு, சில சமயம் அலகு பாதியாகத் தேய்ந்து கிடக்கும். அந்தத் தேய்ந்ததைத்தான் முதலில் எடுப்பேன்.

மட்டமான இரும்பை யாரும் வருஷக்கணக்கில் தீட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். நாலு மாசத்தில் மழுங்கினால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியிருப்பார்கள். நடுவில் ஒடுங்கி, அடியில் மட்டும் பழைய அகலத்தோடு நிற்கிற அலகு, ஒரு வீடு அதை விடாமல் வைத்திருந்ததற்குச் சாட்சி. கடைக்காரருக்கு அது வெறும் எடை. தேய்ந்ததற்கு அவர் விலை குறைத்துச் சொல்வார், நான் மறுத்துப் பேசுவதில்லை.

எடுத்ததும் அலகு பலகைக்குள் இறங்கும் இடத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். பலாவோ வேம்போ, அசையக் கூடாது. அசைந்தால் காய் நழுவும், விரல் போகும். உண்மையான பரீட்சை சாணைக்காரரிடம் நடக்கும். சக்கரத்தில் வைத்ததும் சாதா இரும்பு நீளக் கோடாகப் பொறி விடும். கார்பன் கூடிய எஃகு என்றால் பொறியின் நுனி மத்தாப்பூவாகக் கிளைத்து வெடிக்கும். பட்டறைக்காரர்கள் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேடுவதும் இதற்குத்தான். அதில் கார்பன் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல். பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் விறைத்துக்கொள்ளும். அதோடு விட்டால் தெறித்து உடையும் என்பதால் மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஏறும்போது நிறுத்துவார்கள். ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். நிறம் நீலத்துக்கு ஓடிவிட்டால் விறைப்பு தளர்ந்துவிடும். மின்சாரச் சாணையில் அவசரமாகத் தேய்த்து விளிம்பு நீலம் பூத்த நல்ல கத்திகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கல்லில் தண்ணீர் விட்டு நிதானமாகத் தீட்டுவதே உசத்தி.

தரையில் உட்கார்ந்து பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால் இரண்டு கையும் காய்க்கே. கத்தி நிற்கும், காய் நகரும். கீரைக் கட்டை இறுகப் பிடித்து அரியும்போது இதன் அருமை தெரியும். காசிமேட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போடுகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. வாழைக்காயைக் கருக்கிவிடும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புத்தான், மோர்த் தண்ணீரில் போட்டுச் சமாளிக்கலாம். எவர்சில்வர் அலகில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சந்தையில் கிடைக்கிற மலிவு அலகுகள் ஆறே மாசத்தில் தக்காளியை நசுக்கத் தொடங்கிவிடுகின்றன.

தோசைக்கல்லுக்கும் இதே கணக்கு. நடுவில் கறுத்து வழவழத்த வார்ப்புக் கல் கிடைத்தால் பேரம் பேசாதீர்கள். விளிம்பில் விரிசல் இல்லையா என்று மட்டும் பாருங்கள், வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும்.

கல்சட்டியில் பழையதற்கு இன்னும் மவுசு. சேலம் பக்கத்து மாக்கல்லில் கடைந்த புதுச்சட்டியை நேரே அடுப்பில் ஏற்றினால் விண்டுவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, கொதிக்கும் கஞ்சியை ஊற்றி, நாளுக்கு நாள் சூடு கூட்டிப் பழக்க வேண்டும். பழசு என்றால் யாரோ ஒரு பாட்டி அந்த வேலையை நமக்காக முடித்து வைத்திருப்பார். அடுப்பை அணைத்த பிறகும் அதில் வத்தக்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் குழம்பு கெட்டிப்படுவதற்குக் கொஞ்சம் முன்பே இறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈயச்சொம்பு மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதை நான் பழசாக வாங்கவே மாட்டேன். நமக்கு வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்திருந்தால் விஷம், பழைய சொம்பின் பூர்வோத்தரம் யாருக்குத் தெரியும்? கும்பகோணத்தில் நம்பிக்கையான இடத்தில் புதிதாக வாங்குங்கள். வெள்ளீயத் துண்டை வளைத்தால் உள்ளே படிகங்கள் நெளிந்து மொறுமொறுவென்று ஓர் ஓசை எழும். அதைக் கேட்பதற்காகவே நான் வெட்டுத்துண்டு கேட்பதுண்டு. சொம்பையே வளைக்க எந்தக் கடைக்காரர் விடுவார்? ஆனால் ஓசையை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஆய்வுக்கூடச் சான்றும் கேளுங்கள்.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். முதலில் புளித்தண்ணீர், அப்புறம்தான் நெருப்பு, அதுவும் சின்னதாக. உள்ளே நீர் இருக்கிறவரை சொம்புக்கு ஆபத்தில்லை, ரசமும் நுரைகட்டி மணக்கும். போன் பேசிக்கொண்டே வெறும் சொம்பை அடுப்பில் மறந்தால் கட்டிதான் மிஞ்சும். சுத்தமான ஈயமாக இருந்தால் அந்தக் கட்டியும் வீணில்லை. எடைக்குக் கழித்துக்கொண்டு புதுசு கொடுப்பார்கள், செய்கூலிதான் தண்டம்.